குறைந்த வருமானத்தில் மனநல ஆலோசனை பெறுவது எப்படி: தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலோ கோவையிலோ தனியாரிடம் மனநல ஆலோசனைக்குப் போனால், ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிக் கட்டணம் கேட்பது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆலோசனை ஒரே நாளில் முடிகிற காரியமும் அல்ல. இரண்டு மூன்று மாதமாவது தொடர்ந்து போனால்தான் பலருக்கும் பலன் தெரிகிறது. மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்தில் வாடகையும் மளிகையும் வட்டியும் போக ஒன்றும் மிஞ்சாத வீட்டில், தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, நமக்கு இது கட்டுப்படியாகாது என்று பேசாமல் இருந்துவிடுவதில் வியப்பில்லை.

உண்மையில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மனநல சேவை இலவசமாகக் கிடைக்கிறது. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போனால் மாத்திரை கேட்காமலே கிடைத்துவிடும்; உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதற்கான நேரம் கேட்டால்தான் கிடைக்கும். அடுத்தது, கட்டணம் இல்லையென்றாலும் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகிறது. ஏழை நோயாளிகள் சிகிச்சையைப் பாதியில் விடுவதற்கு இந்தக் கூலி இழப்பே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன். ஆகவே எங்கே இலவசம் என்று மட்டும் பார்க்காமல், உங்களால் திரும்பத் திரும்பப் போக முடிகிற இடம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இப்போதே தீவிரமாக இருக்கிறது என்றால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரை கூடக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆபத்து நேர்ந்துவிட்டால் 108 ஆம்புலன்ஸ் இலவசம். போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சி நடந்ததை மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 115ஆம் பிரிவில் கூறுகிறது. மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லலாம்.

காசும் விடுப்பும் இல்லாமல் தொடங்க: தொலைபேசி

14416 என்பது மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் நடக்கிறது. 24 மணி நேரமும் இயங்குகிறது, அழைப்புக்குக் கட்டணம் இல்லை. முதலில் பதிவு செய்யப்பட்ட குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தமிழைத் தேர்ந்தெடுத்ததும் ஓர் ஆலோசகர் பேசுவார். தேவையென்று கண்டால் அவரே மனநல மருத்துவரிடம் இணைப்பதற்கோ, உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவதற்கோ ஏற்பாடு செய்வார்.

என்ன பேசுவதென்று தெரியாமல் இணைப்பைத் துண்டித்துவிடுபவர்கள் உண்டு. அழகாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. "மூணு மாசமா சரியா தூக்கம் இல்லை, வேலையில மனசு நிக்கல, காரணமில்லாம அழுகை வருது" என்றால் போதும், மற்றதை அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அடுத்த முறை வேறொருவர் எடுக்கக்கூடும் என்பதால், முதல் அழைப்பில் பேசியதை நான்கு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பை முடிக்கும் முன் ஒரு கேள்வியை மறக்காமல் கேட்க வேண்டும்: "எங்க மாவட்டத்துல உட்கார்ந்து பேசுற உளவியலாளர் எந்த ஆஸ்பத்திரியில, எந்தக் கிழமை இருப்பாங்க?" நேரில் போவதற்கான முகவரி அந்த ஒரு பதிலிலேயே கிடைத்துவிடும்.

ஒற்றை அறை வீட்டில், கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது பேச முடியாத பெண்களுக்கு இடமே முதல் தடை. வேலைக்குப் போகும் வழியில் பஸ் நிறுத்தத்திலோ, துணி காயப்போடும் நேரத்தில் மொட்டை மாடியிலோ பத்து நிமிடம் பேசுவது போதுமான தொடக்கம். போன் வீட்டில் பொதுவானது என்றால், பேசி முடித்ததும் அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை நீக்கிவிடலாம்.

வேறு சில எண்களும் உதவும். தமிழக அரசின் 104 மருத்துவ ஆலோசனைச் சேவையிலும் மனநல ஆலோசனை கேட்கலாம். தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்கு இது மிகவும் கைகொடுக்கிறது. குழந்தைகளுக்கு 1098, வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள 14446. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா, தற்கொலை எண்ணத்தோடு போராடுபவர்கள் சொல்வதைத் தன்னார்வலர்கள் பொறுமையாகக் கேட்கும் அமைப்பு. அங்கே அறிவுரையும் கிடையாது, கட்டணமும் கிடையாது.

அரசு மருத்துவமனையில் பேசும் அறை வரை போய்ச் சேர்வது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையை மையமாகக் கொண்டு மாவட்ட மனநலத் திட்டக் குழு இயங்குகிறது. மத்திய அரசு 1996இல் தொடங்கிய இந்தத் திட்டம், தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் வந்து பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரைக் கொண்ட இக்குழு, குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருகிறது. மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பஸ் மாறிப் போவதைவிட, உங்கள் ஊர் தாலுகா மருத்துவமனைக்குக் குழு வரும் கிழமையைத் தெரிந்துகொண்டு அன்று போவது எவ்வளவோ மேல். அங்குள்ள செவிலியரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேட்டால் சொல்வார்கள்.

முதல் நாளில் நடப்பதை விளக்கிவிடுகிறேன். தெரியாத இடம் என்ற பயமே பலரை வாசலில் நிறுத்திவிடுகிறது. புறநோயாளிகள் பிரிவு காலையில் மட்டும் நடப்பதால் எட்டு மணிக்கெல்லாம் வரிசையில் நிற்பது நல்லது. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில், கண்ணாடி ஓட்டை வழியே "என்ன தொந்தரவு?" என்று உரக்கக் கேட்பார்கள். பின்னால் இருபது பேர் நிற்கும்போது மனக்கவலையை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை, "சைக்கியாட்ரி ஓ.பி." என்ற இரண்டு சொல் போதும். அதுவும் கூச்சமாக இருந்தால், ஒரு தாளில் எழுதி நீட்டிவிடலாம். சீட்டில் பெயர், வயது, பிரிவின் அறை எண் இருக்கும். அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருங்கள். அடுத்த முறைக்கும் அதுவே ஆதாரம்.

உள்ளே மனநல மருத்துவருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. காத்திருப்பவர்களின் எண்ணிக்கை அப்படி. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் இருக்க, முந்தைய நாளே அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: தொந்தரவு எப்போது தொடங்கியது, தூக்கமும் பசியும் எப்படி இருக்கின்றன, வேலைக்குப் போக முடிகிறதா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. தைராய்டு குறைவும் ரத்த சோகையும் கூட மனச்சோர்வைப் போன்ற அறிகுறிகளைக் காட்டும் என்பதால், ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது. அதையும் அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.

பிறகு, மருத்துவர் மாத்திரை எழுதி முடிக்கும்போது, தயங்காமல் கேளுங்கள்: "டாக்டர், எனக்கு மாத்திரையோட கவுன்சலிங்கும் வேணும். இங்க சைக்காலஜிஸ்ட் இருக்காங்களா? அவங்களப் பார்க்கச் சீட்டுல எழுதிக் கொடுங்க." இந்த ஒரு கோரிக்கையை வைக்காததால், அடுத்த அறையில் உளவியலாளர் இருந்தும் அவரைப் பார்க்காமலே மாதக்கணக்கில் மாத்திரை மட்டும் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உளவியலாளரிடம் முதல் சந்திப்பு பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டாலும் ஏமாற்றம் அடைய வேண்டாம். கூட்டம் குறைவான நாள் எது, நீண்ட நேரம் பேச எப்போது வரலாம் என்று அவரிடமே கேட்டு, அடுத்த தேதியைச் சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். உளவியலாளர் பணியிடம் காலியாக இருக்கும் ஊர்களில் மனநல சமூகப் பணியாளரைக் கேட்கலாம். குடும்பச் சிக்கல், கடன், குடி, உதவித்தொகை போன்றவற்றில் அவருடைய உதவி சில சமயம் மற்ற எல்லோருடைய உதவியையும்விடப் பெரிது.

யார் என்ன செய்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது அவசியம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுத உரிமை உள்ளவர். உளவியலாளர் பேச்சு வழியாகவும் பயிற்சிகள் வழியாகவும் உதவுபவர். மருந்து எழுத மாட்டார். குரல் கேட்பது, காரணமில்லாத கடும் சந்தேகம், நாட்கணக்கில் தூக்கமே வராமல் அளவுக்கு மீறிய உற்சாகம் போன்றவை இருந்தால் முதலில் மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். அந்த நிலையில் ஆலோசனையை மட்டும் நம்பி நாள் கடத்துவது ஆபத்து.

சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநல மருத்துவமனை 1794இல் தோன்றியது. அந்த ஊர்ப் பெயரையே கேலிப் பேச்சாக்கி வைத்திருப்பதால், அங்கே புறநோயாளியாகப் போகவும் மக்கள் அஞ்சுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். காலையில் போய் மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு மதியம் வீடு திரும்புபவர்களே அங்கே அதிகம்.

கேட்டுப் பெறுவதற்கான உரிமை

இலவச சிகிச்சை யாரோ இரக்கப்பட்டுத் தருவது அல்ல. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்துகிற அல்லது அரசு நிதியில் இயங்குகிற மனநல நிலையங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரிமையுள்ளவர்கள் என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையை 23ஆம் பிரிவு சிகிச்சை தருபவர்கள்மேல் வைக்கிறது. ஆகவே 'முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ, பெண்ணுக்கு வரன் அமையாதோ' என்ற பயத்தில் போகாமல் இருக்க வேண்டாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்து ஆலோசனைக் கட்டணம் கட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வாராந்திர ஆலோசனைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

ஆனால் தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. இருப்பவர்கள் அதை நினைவில் கொள்ள வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ ஓசூர் தொழிற்சாலையிலோ மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கப்படுகிறது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மனநல சிகிச்சையும் அதில் அடங்கும், குடும்பத்தினருக்கும் சேர்த்தே. முதலில் உங்களுக்கு ஒதுக்கப்பட்ட ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருத்துவரைப் பார்த்து, மனநல மருத்துவருக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்க வேண்டும். தொடர்ந்து சில நாள் ஓய்வு தேவைப்பட்டு ஈ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், போதிய நாட்கள் சந்தா செலுத்தியிருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு நோய்க்கால உதவியாக, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். கூலி இழப்புக்கு அஞ்சி சிகிச்சையை விடுபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

தொண்டு நிறுவனங்களும் கட்டணம் குறைந்த இடங்களும்

மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற அமைப்பு, மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்குப் பெயர் பெற்றது. 1993இல் தொடங்கப்பட்ட பேன்யன், வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்கு அடைக்கலம் தருவதோடு புறநோயாளி சிகிச்சையும் அளிக்கிறது. மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை 1992 முதல் இயங்குகிறது. இத்தகைய இடங்களில் வரவேற்பு மேசையில் சொல்லப்படும் கட்டணத்தோடு திரும்பிவிடாமல், சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, குடும்ப வருமானத்தை உள்ளபடி சொல்லி, சலுகை உண்டா என்று விசாரியுங்கள். ரேஷன் அட்டை நகலும் வருமானச் சான்றும் கையில் இருந்தால் பேச்சு எளிதாகும்.

வீட்டில் ஒருவருடைய குடிதான் எல்லாருடைய நிம்மதியையும் கெடுக்கிறது என்றால், குடியிலிருந்து மீள விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணமே இல்லை. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ பிள்ளைகளோ, குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டங்களுக்குப் போகலாம். அடி உதை வரை போகும் வீடுகளில், மாவட்டந்தோறும் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பெண்களுக்கு ஆலோசனை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் மூன்றும் இலவசம்.

உளவியல், சமூகப் பணித் துறைகள் உள்ள கல்லூரிகளில், மேற்படிப்பு மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ ஆலோசனை தருவது உண்டு. கற்றுக்கொள்பவர்தானே என்று தள்ள வேண்டாம். நேரம் ஒதுக்கிக் கேட்பதில் அவர்கள் அக்கறையானவர்கள். கல்வியாண்டு முடியும்போது அவர் போய்விடுவாரா, அப்போது யாரிடம் தொடர்வது என்று மட்டும் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

தனியாரிடமே போக விரும்பினால், கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாரமும் சில இடங்களை வருமானத்துக்கேற்ற கட்டணத்துக்கு ஒதுக்கி வைக்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கேட்காதவர்களுக்கு அது தெரிய வழியில்லை. "மேடம், என் சம்பளம் பதினாலாயிரம். ஒரு முறைக்கு முந்நூறு ரூபாய் வரைக்கும் என்னால தர முடியும். அந்த அளவுல பார்க்க முடியுமா? முடியலன்னா யாரையாவது சொல்லுங்க" என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். மறுத்தாலும் நல்ல ஆலோசகர் வேறொருவர் பெயரைச் சொல்லி அனுப்புவார். வாரம் ஒரு முறைக்குப் பதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வதும் செலவைப் பாதியாக்கும்.

கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தைத் தகுதியில்லாதவரிடம் இழப்பது பெரிய கொடுமை. சில நாள் பயிற்சி முடித்த எவரும் கவுன்சலர் என்று பலகை மாட்டிக்கொள்கிற நிலை இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டு மன்றத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மூன்றே அமர்வில் குணம் என்று உறுதி தருபவர், பத்து அமர்வுக்கு மொத்தமாக முன்பணம் கேட்பவர், மருத்துவர் எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், கல்லோ பொடியோ விற்பவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகுங்கள்.

மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் குடும்பத்தோடு போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்களை நான் பழிக்க மாட்டேன். வேறு வழி தெரியாத அன்புதான் அவர்களை அங்கே கொண்டுசேர்க்கிறது. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். வேண்டுதலோடு மருந்தும் தொடரட்டும். உரிமம் இல்லாத எந்த விடுதியிலும் ஒருவரை ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.

பாதியில் விடாமல் தொடர்வதற்கு

மாதத்துக்கு எத்தனை முறை விடுப்பு எடுத்தால் குடும்பம் தாங்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அதை ஆலோசகரிடமும் சொல்லிவிடுங்கள். மாதம் ஒரு முறைதான் முடியும் என்றால், நேரில் ஒரு முறையும் நடுவில் 14416 வழியாக ஓரிரு முறையும் பேசலாம். பெண்கள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதால், அந்தப் பஸ் போகும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனம். மருந்துக்கும் ஆலோசனைக்கும் ஒரே நாளில் தேதி கேட்டால் ஒரு நாள் கூலி மிச்சமாகும்.

சந்திப்புகள் குறைவாக இருக்கும்போது, இடையில் வீட்டில் செய்யும் பயிற்சிக்கே மதிப்பு அதிகம். மனம் கலங்கிய நேரத்தில் என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று பிள்ளையின் பழைய நோட்டில் எழுதி வந்தால், அடுத்த சந்திப்பில் பழைய கதையைத் திரும்பச் சொல்லும் நேரம் மிஞ்சும். மாத்திரை சாப்பிடுபவர்கள், கொஞ்சம் தேறியதும் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும், நிறுத்துவதும் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாக நடக்க வேண்டும்.

முதலில் பார்த்தவரோடு மனம் ஒட்டவில்லை என்றால் இரண்டு மூன்று சந்திப்பு பார்த்துவிட்டு மாறலாம். இலவசமாகக் கிடைப்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றில்லை. அவமதித்துப் பேசினாலோ, சாதியையோ ஒழுக்கத்தையோ இழுத்துக் கண்டித்தாலோ அன்றே மாறுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெற மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது. போகும் இடத்துக்கு அவற்றின் நகலையும் பழைய ஓ.பி. சீட்டையும் எடுத்துச் சென்றால், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்காது.